ஏற்றத்தில் இழுக்காது, இறக்கத்தில் நிற்காது: வசந்தகால மலைச்சவாரியில் பைக் காட்டும் அறிகுறிகள்

குளிர்காலம் முழுக்கப் போர்வைக்குள் கிடந்த பைக், வெயில் எட்டிப்பார்த்த முதல் ஞாயிற்றுக்கிழமையே மலையேறத் தயாராக இருப்பதாக நமக்குத் தோன்றும். பைக்குக்கு அப்படித் தோன்றாது. நான்கு மாதம் அசையாமல் நின்ற வண்டியை, உறைநிலைக்குப் பக்கத்தில் இருக்கும் காலைக் குளிரில் கிளப்பி, மதியத்துக்குள் 1,500 மீட்டர் மேலே ஏற்றி, சாயங்காலத்துக்குள் கீழேயும் இறக்கப் பார்க்கிறோம். சமவெளியில் மாதக்கணக்கில் வெளியே தெரியாத சின்னக் குறைகூட அந்த ஒரே நாளில் முகம் காட்டிவிடும்.

கோளாறு வந்ததும் கை முதலில் ஸ்பேனரைத் தேடும். அதற்கு முன்னால் ஒரு கேள்வி: இது எங்கே ஆரம்பித்தது? வாசலிலா, ஏற்றத்திலா, இறக்கத்திலா, நிழல் விழுந்த வளைவிலா? வாசலில் வந்தால் பெரும்பாலும் நின்று கிடந்ததன் விளைவு. ஏற ஏறக் கூடிக்கொண்டே போனால் உயரம் அல்லது பாரம். இறக்கத்தில் மட்டும் வந்தால் சூடு. நிழலில் மட்டும் வந்தால் குளிர். இதற்கு ஒழுங்காகப் பதில் கிடைத்துவிட்டால் பாதி ரிப்பேர் முடிந்த மாதிரிதான். அதனால் பயண வரிசையிலேயே எழுதியிருக்கிறேன். உங்கள் வண்டி எங்கே மக்கர் பண்ணியதோ அந்தப் பகுதிக்கு நேராகப் போய்விடலாம்.

செல்ஃப் போட்டால் 'டக் டக்' சத்தம் மட்டும்

பேட்டரி. வேறு எதையும் சந்தேகிக்கும் முன் மல்டிமீட்டர் வைத்துப் பாருங்கள். வண்டி ஓடாமல் சில மணி நேரம் நின்ற நிலையில், நல்ல சார்ஜில் உள்ள லெட்-ஆசிட் பேட்டரி 12.6 வோல்ட்டுக்கு மேல் காட்டும். 12.0 அளவில் இருந்தால் அது கிட்டத்தட்டக் காலி. சார்ஜ் போட்ட பிறகு 12.6 வந்து, மறுநாள் காலையிலேயே மறுபடி இறங்கிவிட்டால் பேட்டரியின் காலம் முடிந்தது. அதைத் தள்ளி ஸ்டார்ட் செய்து மலைக்குக் கூட்டிக்கொண்டு போவது, திரும்பி வரத் தள்ளுவதற்கும் சம்மதித்த மாதிரி.

வோல்ட் சரியாக இருந்தும் 'டக்' மட்டும் வந்தால் பேட்டரி முனைகளைக் கழற்றி வெள்ளைப் பூப்பைச் சுரண்டி, திருகை இறுக்கிப் பாருங்கள். எஞ்சின் ஓடும்போது ஆக்ஸிலரேட்டரைக் கொஞ்சம் திருகினால் 13.5 முதல் 14.5 வோல்ட் வரை காட்ட வேண்டும். காட்டாவிட்டால் சார்ஜ் ஏறவில்லை. ரெகுலேட்டர், காயில் பக்கம் போக வேண்டிய வேலை.

லித்தியம் பேட்டரிக்காரர்களுக்கு ஒரு தனிக் குறிப்பு. கடும் குளிரில் முதல் முயற்சியில் அது சோம்பிக் கிடக்கும். பயந்துவிடாதீர்கள். ஹெட்லைட்டை ஒரு நிமிடம் எரியவிட்டுப் பிறகு செல்ஃப் போடுங்கள். மின்சாரம் ஓட ஓட அது உள்ளே சூடாகி விழித்துக்கொள்ளும்.

ஸ்டார்ட் ஆகிறது, ஆனால் விக்கி விக்கி அணைகிறது

சோக் போட்டால் ஓடி, சோக்கை எடுத்தால் அணைந்தால், கார்புரேட்டரின் ஸ்லோ ஜெட் (ஸ்லோவில் ஓடும்போது பெட்ரோல் விடும் சின்னத் துளை) அடைத்திருக்கிறது. எத்தனால் கலந்த பெட்ரோல் மாதக்கணக்கில் நின்றால் ஈரத்தை இழுக்கும். கார்புரேட்டரின் அடிக்கிண்ணத்தில் கொஞ்சமாக இருப்பது ஆவியாகிப் பிசினாகப் படியும். கிண்ணத்தின் அடித்திருகைத் தளர்த்திப் பழைய பெட்ரோலை வடித்துவிட்டுப் புதிதாக விடுங்கள். பல நேரம் இதுவே போதும். போதாவிட்டால் கார்புரேட்டரைக் கழற்றி ஜெட்டுகளைக் காற்றடித்துச் சுத்தம் செய்ய வேண்டும். கம்பி விட்டுக் குத்துபவர்களைப் பார்த்திருக்கிறேன்; ஜெட்டின் ஓட்டை பெரிதாகிவிட்டால் அப்புறம் புது ஜெட்தான்.

இன்னொன்றைச் சொன்னால் சிரிப்பீர்கள். ஒரு வருடம் என் வண்டி ஸ்டார்ட் ஆனது, ஸ்லோவில் நின்றது, ஆக்ஸிலரேட்டரைத் திருகினால் மட்டும் மூச்சு முட்டியது. பிளக் மாற்றினேன், பெட்ரோல் மாற்றினேன், ஒரு முழுச் சனிக்கிழமையைத் தொலைத்தேன். கடைசியில் ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறந்தால் உள்ளே சீட்டுப் பஞ்சும் காகிதத் துணுக்கும் வைத்து எலி கட்டிய கூடு. குளிர்காலத்தில் எலிக்கு அதைவிட நல்ல வீடு கிடைக்காது. அதிலிருந்து வசந்தத்தில் நான் முதலில் திறப்பது அந்தப் பெட்டியைத்தான். திறந்த கையோடு வயர்களில் கடித்த தடமும் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

ஏற்றத்தில் பிக்கப் இல்லை

மலையில் அதிகம் கேட்கும் புலம்பல் இதுதான். அதிகம் தவறாகக் கணிக்கப்படுவதும் இதுதான். முதலில் ஒரு சோதனை. மூன்றாவது அல்லது நான்காவது கியரில் ஏறும்போது ஆக்ஸிலரேட்டரைச் சட்டென்று முழுசாகத் திருகுங்கள். எஞ்சின் இரைச்சல் மட்டும் எகிறி, வேகம் கூடாமல் இருக்கிறதா? அல்லது இரைச்சலும் கூடவில்லை, வேகமும் கூடவில்லையா? இரண்டும் வேறு வேறு நோய்.

இரைச்சல் மட்டும் எகிறினால் கிளட்ச் வழுக்குகிறது. எஞ்சினில் பலம் இருக்கிறது, சக்கரம் வரை போய்ச் சேரவில்லை. முதலில் கிளட்ச் கேபிளைப் பாருங்கள். லிவரின் அடியில் இரண்டு மூன்று மில்லிமீட்டராவது லூசு இருக்க வேண்டும்; சரியான அளவு உங்கள் வண்டியின் கையேட்டில் இருக்கும். லூசே இல்லாமல் கேபிள் இழுத்துப் பிடித்திருந்தால் கிளட்ச் எப்போதும் பாதி அமுங்கியபடியே ஓடும். ஓரமாக நிறுத்தி அட்ஜஸ்டரைத் திருகினால் ஐந்து நிமிட வேலை.

கேபிள் சரியாக இருந்தால், கடைசியாக என்ன ஆயில் ஊற்றினீர்கள் என்று யோசியுங்கள். பெரும்பாலான பைக்குகளில் எஞ்சின் ஆயிலிலேயே கிளட்ச் பிளேட்டுகள் ஊறிக் கிடக்கின்றன. டப்பாவில் ஜாசோ (ஜப்பானியத் தரக்குறி) எம்ஏ அல்லது எம்ஏ2 என்று இருந்தால் அந்த வகைக் கிளட்சுக்கு ஏற்றது. எம்பி என்று இருந்தால் உராய்வைக் குறைக்கும் வகை. தனிக் கிளட்ச் உள்ள ஸ்கூட்டர்களுக்கானது. கார் ஆயில் மிச்சம் இருந்தது என்று ஊற்றியவர்களுக்குச் சமவெளியில் ஒன்றும் தெரியாது. முதல் கொண்டை ஊசி வளைவு தாண்டி, பின்னால் ஆளும் மூட்டையும் இருக்கும்போது தெரியும். அதுவும் இல்லை என்றால் கிளட்ச் பிளேட் தேய்ந்திருக்கிறது. அப்படியே மேலே விரட்டினால் கருகல் வாடைதான் மிஞ்சும். திரும்பிவிடுவது நல்லது.

சரி, இரைச்சலும் கூடவில்லை என்றால்? இங்கேதான் உயரம் வருகிறது. கடல்மட்டத்தோடு ஒப்பிட்டால் 1,000 மீட்டரில் காற்றழுத்தம் சுமார் 89 சதவீதம், 2,000 மீட்டரில் 78, 3,000 மீட்டரில் 69. டர்போ இல்லாத எஞ்சின், சுற்றிலும் இருக்கும் காற்றைத்தான் உறிஞ்ச முடியும். ஆக ஒவ்வொரு 1,000 மீட்டருக்கும் கிட்டத்தட்டப் பத்தில் ஒரு பங்கு பலம் போகும். இது கோளாறு கிடையாது, சரிசெய்யவும் முடியாது. ஒரு கியர் குறைத்து ஓட்ட வேண்டியதுதான். ஃப்யூல் இன்ஜெக்ஷன் வண்டியில் கம்ப்யூட்டர் காற்றழுத்தத்தைப் பார்த்துப் பெட்ரோலைக் குறைத்துக்கொள்ளும். பலம் குறையும், ஆனால் ஓட்டம் வழவழப்பாகவே இருக்கும்.

கார்புரேட்டருக்கு அந்த அறிவு இல்லை. காற்று மெலிந்தாலும் ஏறக்குறையப் பழைய அளவிலேயே பெட்ரோலைத் தள்ளும். அதன் அடையாளங்கள்: கறுப்புப் புகை, பெட்ரோல் வாடை, பாதி ஆக்ஸிலரேட்டரில் ஓரளவு ஓடி முழுசாகத் திருகினால் திணறுவது, ஸ்பார்க் பிளக்கில் உலர்ந்த கரி. ஒரு நாள் போய்த் திரும்புகிற பயணத்துக்காக ஜெட் மாற்றுவது வீண் வேலை என்பது என் கருத்து. மேலே போக மெயின் ஜெட்டைச் சின்னதாகப் போட்டுவிட்டு அதோடு கீழே இறங்கி விரட்டினால், பெட்ரோல் போதாமல் எஞ்சின் கொதித்துப் பிஸ்டன் வரை போய்விடும். உயரத்திலேயே வாரக்கணக்கில் தங்குகிறவர்கள் மட்டும் மாற்றட்டும். மற்றவர்கள் ஏர் ஃபில்டரைச் சுத்தமாக வைத்துக்கொண்டு, ஆக்ஸிலரேட்டரை எவ்வளவு திருகினால் திணறாமல் இழுக்கிறதோ அந்த அளவோடு ஏறலாம்.

உயரம்தான் காரணமா என்று உறுதிசெய்ய ஒரு வழி உண்டு. இறங்கும்போது நடுவில் சமதளமோ சின்ன ஏற்றமோ வந்தால் முழுசாகத் திருகிப் பாருங்கள். பலம் திரும்பியிருந்தால் அது உயரத்தின் வேலை. அடிவாரம் வந்தும் அதே சோர்வு என்றால் ஃபில்டர், பிளக், ஒட்டிப் பிடிக்கும் பிரேக் என்று தேட வேண்டும்.

இருபது நிமிடம் நன்றாக ஓடிவிட்டுத் திடீரென்று அணைகிறது

அணைந்ததும் முதல் வேலையாகப் பெட்ரோல் டேங்க் மூடியைத் திறங்கள். 'உஸ்ஸ்' என்று காற்றை உள்ளே இழுத்தால் மூடியின் காற்றுத் துளையோ அதன் குழாயோ அடைத்திருக்கிறது. பெட்ரோல் இறங்க இறங்க உள்ளே காற்று வராமல் டேங்கில் வெற்றிடம் உருவாகி ஓட்டத்தை நிறுத்திவிடுகிறது. குளிர்காலத்தில் பூச்சிகள் அந்தக் குழாயில் குடியேறியிருக்கலாம், துருவும் சேறும் அடைத்திருக்கலாம், சர்வீஸில் டேங்கை மாட்டும்போது குழாய் நசுங்கியிருக்கலாம். அடைப்பை எடுக்கும் வரை அவ்வப்போது மூடியைத் திறந்து மூடியபடி ஊர் போய்ச் சேரலாம்.

சத்தம் எதுவும் வரவில்லை, வண்டி கார்புரேட்டர் வண்டி, அந்த இடத்தில் பனிமூட்டம் அல்லது சாரல், குளிர் 0 முதல் 15 டிகிரி செல்சியஸுக்குள் என்றால் வேறு கதை. பெட்ரோல் ஆவியாகும்போது கார்புரேட்டரின் தொண்டையைக் குளிரவைக்கும். ஈரக்காற்று அங்கேயே பனிக்கட்டியாகப் படியும். சீரான வேகத்தில் போய்க்கொண்டிருக்கும்போது பலம் மெல்லக் குறையும், ஸ்லோவில் நிற்காது. ஓரமாக நிறுத்தி ஐந்து நிமிடம் பேசிக்கொண்டிருந்தால் எஞ்சின் சூட்டில் ஐஸ் உருகிவிடும். வண்டி ஒன்றுமே நடக்காத மாதிரி ஓடும். மெக்கானிக்கிடம் கொண்டுபோனால் அவர் நம்மை ஒரு மாதிரி பார்ப்பார், ஏனென்றால் அங்கே எல்லாம் நன்றாகவே இருக்கும்.

கியர் போட்ட நொடியில் அணைந்தால் சைட் ஸ்டாண்ட் சுவிட்ச். சேறும் உப்பும் சேர்ந்தால் அது ஸ்டாண்ட் இறங்கியிருப்பதாகவே நினைத்துக்கொண்டிருக்கும். தண்ணீர் விட்டுக் கழுவி, ஸ்டாண்டை நாலைந்து முறை மேலும் கீழும் ஆட்டுங்கள். எதையும் கழற்றும் முன் ஹேண்டிலில் எஞ்சினை அணைக்கும் கில் சுவிட்சையும் பார்த்துவிடுங்கள். தடித்த குளிர் கையுறை அதைத் தட்டிவிட்டது தெரியாமல் அரைமணி நேரம் வண்டியைத் தள்ளியவர்களில் நானும் ஒருவன்.

இறக்கத்தில் பிரேக் பிடிக்கவில்லை

இதை அவசரமில்லாமல் படியுங்கள். மற்ற கோளாறுகள் நம்மை நடக்கவிடும். இது பள்ளத்தில் விடும்.

'பிடிக்கவில்லை' என்பது ஒரே அறிகுறி போலத் தெரியும். விரலைக் கேட்டால் இரண்டு விதமாகச் சொல்லும். லிவர் எப்போதும் போல் கெட்டியாக இருக்கிறது, அழுத்தினாலும் வண்டி மட்டும் நிற்க மறுக்கிறது என்றால் பேட் அளவுக்கு மீறிச் சூடாகி உராய்வை இழந்திருக்கிறது. லிவர் பஞ்சு மாதிரி அமுங்கி ஹேண்டில் பாரைத் தொடுகிறது என்றால் பிரேக் ஆயில் கொதித்துக் குழாயில் ஆவிக்குமிழி வந்துவிட்டது. குமிழியை அழுத்தினால் அது சுருங்கும், அவ்வளவுதான். விரலின் பலம், பேடை டிஸ்க்கில் அழுத்தும் காலிப்பருக்குப் போகாது.

பிரேக் ஆயில் ஏன் கொதிக்கிறது? அது காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும் சாமான். டாட் 4 வகை புதிதாக இருக்கும்போது கொதிநிலை குறைந்தது 230 டிகிரி செல்சியஸ். நாலு சதவீதத்துக்கும் குறைவான தண்ணீர் சேர்ந்த நிலையில் அதே ஆயிலுக்குத் தேவைப்படும் குறைந்தபட்சம் வெறும் 155. டாட் 3-க்கு 205-ம் 140-ம். வண்டி ஓடினாலும் ஓடாவிட்டாலும் ஈரம் சேர்ந்துகொண்டே இருக்கும், அதனால் 'போன வருடம் அதிகம் ஓட்டவில்லை' என்பது கணக்கில் வராது. பெரும்பாலான கையேடுகள் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்கின்றன. மலைக்குப் போகும் வண்டிக்கு நான் ஒவ்வொரு வசந்தத்திலும் மாற்றிவிடுகிறேன். டப்பா வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள்: டாட் 5 சிலிக்கான் வகை, டாட் 3, 4, 5.1 ஆகியவற்றோடு அது சேரவே சேராது. எண் பெரிதாக இருக்கிறதே என்று அதை எடுத்துவிடாதீர்கள்.

ஓடும்போதே நடந்துவிட்டால்: லிவரைப் படபடவென்று பலமுறை அடித்து அழுத்துங்கள்; குமிழி கொஞ்சம் சுருங்கி ஓரளவு பிடி கிடைக்கும். ஒவ்வொரு கியராகக் குறையுங்கள். ஒரே தாவலில் முதல் கியருக்குப் போனால் பின்சக்கரம் பூட்டிச் சறுக்கும். பின் பிரேக் தனி வழி என்பதால் பல வண்டிகளில் அது இன்னும் உயிரோடு இருக்கும். நின்றதும் குறைந்தது அரைமணி நேரம் ஆறவிடுங்கள். டிஸ்க்கில் தண்ணீர் ஊற்றாதீர்கள், கோணிக்கொள்ளும். ஆறிய பிறகு லிவர் பழையபடி கெட்டியாகிவிடும். 'சரியாகிவிட்டது' என்று கிளம்பத் தோன்றும். சரியாகவில்லை. அதே ஈரமான ஆயில்தான் உள்ளே இருக்கிறது, அடுத்த நீண்ட இறக்கத்தில் அதேதான் நடக்கும். மெதுவாக, எஞ்சின் பிரேக்கில் கீழே வந்து, ஆயில் மாற்றிய பிறகுதான் மறுபடி மலை.

இவ்வளவு சூடு ஏன் வந்தது என்றும் பார்க்க வேண்டும். ஓட்டும் முறை ஒரு காரணம். இறக்கம் முழுக்க லிவரைத் தொட்டபடியே வருவது, பின் பிரேக் பெடலில் பாதத்தை இளைப்பாற வைப்பது. ஏறிய கியரிலேயே இறங்கு என்று பழைய ஓட்டுநர்கள் சொல்வது பைக்குக்கும் பொருந்தும். வளைவுக்கு முன் அழுத்தமாகப் பிடித்து, வேகம் குறைந்ததும் முழுசாக விட்டுவிடுங்கள். விட்ட நேரத்தில்தான் டிஸ்க் மூச்சு விடும். இன்னொரு காரணம் வண்டியினுடையது. மாதக்கணக்கில் நின்றதில் காலிப்பர் பிஸ்டன் துருவும் அழுக்கும் சேர்ந்து ஒட்டி, பேட் விலகாமல் உரசிக்கொண்டே இருக்கும். சென்டர் ஸ்டாண்ட் போட்டுச் சக்கரத்தைக் கையால் சுற்றினால் தெரியும். அல்லது பிரேக்கே போடாமல் பத்து நிமிடம் ஓட்டி, நின்றதும் டிஸ்க்குக்குப் பக்கத்தில் கையைக் காட்டுங்கள், தொடாதீர்கள். அனல் அடித்தால் ஒட்டியிருக்கிறது. ஏற்றத்தில் 'பிக்கப் இல்லை' என்று வருகிறவர்களில் சிலருடைய வியாதியும் இதுவே.

முதல் சில கிலோமீட்டர் மட்டும் 'கர்ர்' என்று உரசும் சத்தம் வந்து மறைந்தால் டிஸ்க்கின் மேல்துரு. கவலை வேண்டாம். மறையாமல் உலோகத்தோடு உலோகம் உரசும் சத்தமாக மாறினால் பேட் முடிந்துவிட்டது.

வளைவில் வண்டி வெளிப்பக்கம் இழுக்கிறது

பெரும்பாலும் குறை சீட்டின் மேல் இருக்கிறது. நான்கு மாத இடைவெளியில் கண் பழக்கம் விட்டுப்போகும். வளைவுக்குள் கொஞ்சம் வேகமாக நுழைந்து, பயத்தில் வெளி ஓரத்துத் தடுப்பையே பார்ப்போம். கண் போகிற இடத்துக்கே வண்டியும் போகும். முதல் பத்து வளைவுகளை நினைத்ததைவிட ஒரு கியர் மெதுவாக எடுத்தால் இந்தக் கோளாறு தானாக மறைகிறதா என்று பாருங்கள்.

மறையாவிட்டால் வண்டிக்கு வரலாம். பின்னால் ஆளும் பையும் ஏறியிருந்தால் பின் ஸ்பிரிங் அமுங்கி, முன்பக்கம் தூக்கிக்கொண்டு, திரும்பச் சோம்பல்படும். பின் சாக் அப்சார்பரின் பிரீலோடை (ஸ்பிரிங்கை முன்கூட்டியே அழுத்தி வைக்கும் அளவை) ஓரிரண்டு படி ஏற்றுங்கள். அப்புறம் டயர் காற்று. வெப்பநிலை 10 டிகிரி குறைந்தால் டயரில் சுமார் ஒன்றரை பிஎஸ்ஐ குறையும். இலையுதிர் காலத்தில் அடித்த காற்று வசந்தத்தில் தானாகக் கசிந்தும் போயிருக்கும். கிளம்பும் முன், டயர் ஆறியிருக்கும்போது, கையேட்டில் உள்ள அளவுக்கு அடியுங்கள். மேலே போனதும் 'உயரத்தில் டயர் உப்பும்' என்று சொல்லிக் காற்றை இறக்கச் சொல்பவர்கள் உண்டு. 1,000 மீட்டர் ஏறினால் கேஜில் ஒன்றரை பிஎஸ்ஐக்குச் சற்று மேல் கூடும் என்பது உண்மைதான். ஆனால் அதே 1,000 மீட்டரில் காற்று சுமார் ஆறரை டிகிரி குளிர்ந்துவிடுவதால், கூடியதில் பெரும்பகுதி அப்படியே குறைந்துவிடுகிறது. தொடாமல் விடுங்கள்.

நேர்ச்சாலையில் ஹேண்டில் ஆடினால், அல்லது முன் பிரேக் பிடிக்கும்போது கையில் 'டக்' என்று தட்டினால் கோன் செட் (ஹேண்டில் திரும்பும் இடத்திலுள்ள பேரிங்) லூசு. முன்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி, ஃபோர்க்கின் கீழ்முனையைப் பிடித்து முன்னும் பின்னும் இழுங்கள். ஆட்டம் கைக்குத் தெரியும். நடுவில் வரும்போது மட்டும் ஹேண்டில் பள்ளத்தில் விழுந்த மாதிரி நின்றால், குண்டுகள் பதிந்து பாதை குழிந்துவிட்டது. இறுக்கிப் பயனில்லை, செட்டையே மாற்ற வேண்டும்.

டயர் வழுக்குகிறது

எங்கே என்பதுதான் இங்கே முழுப் பதில். கிளம்பிய பத்து நிமிடத்தில் என்றால் டயர் இன்னும் சூடேறவில்லை. நாள் முழுக்க என்றால் டயர் பழசு. பக்கச்சுவரில் நான்கு இலக்கம் இருக்கும். 2318 என்றால் 2018-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் செய்தது. பட்டன் நிறைய இருந்தாலும் ரப்பர் கல்லாகியிருந்தால் குளிர்ந்த சாலையில் அது பிளாஸ்டிக் செருப்பு.

வளைவின் உட்பக்கத்தில் மட்டும் என்றால் பொடிக்கல். பனிக்காலத்தில் சாலையில் தூவியதும், உறைந்து உருகி மலைச்சரிவிலிருந்து உதிர்ந்ததும் வாகனச் சக்கரங்கள் ஒதுக்கிவிட்ட இடத்தில் குவியும். கார்களின் சக்கரத்தடம் சுத்தமாக இருக்கும், அதிலேயே போங்கள். நிழல் வளைவில் மட்டும் என்றால் பளபளப்பைக் கவனியுங்கள். மதியம் உருகிச் சாலையைக் கடந்து ஓடும் தண்ணீர் இரவில் உறைந்து, காலையில் ஈரம் மாதிரிதான் தெரியும். முன்னால் போகும் வாகனத்தின் சக்கரம் தண்ணீர் தெறிக்கவில்லை, ஆனாலும் சாலை மினுமினுக்கிறது என்றால் அது ஐஸ். அதன் மேல் மாட்டிக்கொண்டால் பிரேக், ஆக்ஸிலரேட்டர், ஹேண்டில் எதையும் புதிதாக அசைக்காமல் நேராகக் கடந்துபோவதுதான் வழி. பாலங்கள் கீழிருந்தும் குளிர்வதால் மற்ற சாலைக்கு முன்பே உறையும். காலையில் பத்து மணிக்கு மேல் கிளம்பினால் இந்தப் பத்தியில் பாதி தேவைப்படாது.

விரல் மரத்துப்போகிறது, கண்ணாடி மங்குகிறது, தலை வலிக்கிறது

ஓட்டுகிறவரும் ஒரு உதிரிபாகம்தான். அடிவாரத்தில் 15 டிகிரி இருந்தால் 1,500 மீட்டர் மேலே 5 டிகிரி. அதில் 80 கிலோமீட்டர் வேகத்தில் போனால் வெற்றுத்தோலுக்கு அது உறைநிலைக்கும் கீழே உள்ள குளிர். விரல் மரத்தால் பிரேக்கைத் தேடும் நேரம் கூடும். கையுறை மாட்டிய கையைச் சிலிண்டர் பக்கம் காட்டிச் சூடேற்றுவது தற்காலிகம்தான். மார்புக்குக் காற்று புகாத உடுப்பு போட்டால் கைக்கு ரத்தம் நன்றாக வரும். நடுக்கம் வந்தால் நிறுத்திச் சூடாக எதையாவது குடியுங்கள். நடுங்கிக்கொண்டிருந்தவர் நடுக்கம் நின்று குழறிப் பேசினால் அது ஆபத்து. அவரை இனி ஓட்டவிடக் கூடாது.

ஹெல்மெட் கண்ணாடி மங்கினால் மூக்கு மறைப்பை மாட்டி மூச்சைக் கீழே திருப்புங்கள், மேல் காற்றுத் துளையைத் திறந்து வையுங்கள். 2,500 மீட்டருக்கு மேலே தலைவலியும் குமட்டலும் சேர்ந்து வந்தால் மாத்திரை போட்டுக்கொண்டு இன்னும் ஏறாதீர்கள். இறங்குங்கள். சில நூறு மீட்டர் இறங்கினாலே வித்தியாசம் தெரியும்.

பாதி வழியில் தடுப்புக் கட்டை

இந்த அறிகுறிக்கு ரிப்பேர் கிடையாது. ஆல்ப்ஸில் 48 கொண்டை ஊசி வளைவுகளுக்குப் பேர்போன ஸ்டெல்வியோ கணவாய் 2,757 மீட்டரில் இருக்கிறது; மே கடைசியிலோ ஜூனிலோதான் திறக்கும். அமெரிக்காவின் கிளேசியர் தேசியப் பூங்காவில் உள்ள லோகன் கணவாய் 2,026 மீட்டர்தான், ஆனாலும் பல வருடம் ஜூன் பிற்பகுதி வரை பனிக்குள் கிடக்கிறது. உயரத்தை மட்டும் பார்த்துக் கணக்குப் போட முடியாது என்பதற்காகச் சொன்னேன். கிளம்பும் காலையில் சாலை நிலவரத்தைப் பார்த்துவிட்டுப் போங்கள். கட்டையைச் சுற்றிக்கொண்டு போன பைக் தடம் இருந்தால் அது திரும்பி வந்த தடமா என்றும் பாருங்கள்.

வீடு திரும்பிய பிறகு தெரிவது

சாலையில் உப்புத் தூவும் இடமாக இருந்தால் அன்றே சாதாரணத் தண்ணீரில் கழுவுங்கள். அப்புறம் செயின். வரும் வழியில் சீராக இல்லாமல் இழுத்து இழுத்து ஓடியிருந்தால், சக்கரத்தைச் சுற்றிச் செயின் மிகவும் இறுகும் இடத்தைக் கண்டுபிடித்து அங்கே லூசை அளக்க வேண்டும். சாதாரணச் சாலை வண்டிகளில் பெரும்பாலும் 25 முதல் 35 மில்லிமீட்டர். உயரமான வண்டிகளுக்குக் கூடுதல். ஒரு இடத்தில் லூசும் இன்னொரு இடத்தில் இறுக்கமும் இருந்தால் செயின் ஒரே சீராகத் தேயவில்லை, செட்டாக மாற்றுங்கள். செயினின் சூடு ஆறுவதற்குள் செயின் லூப் (மசகு எண்ணெய்) அடித்துவிட்டால் நன்றாக உள்ளே இறங்கும்.

கடைசியாக முன் ஃபோர்க். பளபளக்கும் தண்டில் ஒரு வளையம் மாதிரி ஆயில் படிந்திருந்தால், நின்று காய்ந்த ஆயில் சீலின் உதட்டில் அழுக்கு மாட்டியிருக்கிறது. மெல்லிய பிளாஸ்டிக் தகட்டைச் சீலுக்குள் மெதுவாக விட்டுச் சுற்றி எடுத்தால் பல நேரம் கசிவு நின்றுவிடும். துடைத்துவிட்டு, முன் பிரேக்கைப் பிடித்தபடி பத்து முறை அமுக்கிப் பாருங்கள். மறுபடி வளையம் வந்தால் சீலை மாற்றியே ஆக வேண்டும். அந்த ஆயில் வழிந்து இறங்குவது நேராக முன் பிரேக் பேடின் மேல்.